பஞ்சர் ஆன டயரை மாற்றும்போது எங்கே சிக்குகிறது? அடையாளம் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

டயர் மாற்றுவதைக் காரோடு வரும் கையேடு ஒரே பக்கத்தில் சொல்லிவிடும். நட்டைத் தளர்த்து, வண்டியைத் தூக்கு, கழற்று, மாட்டு, இறக்கு, இறுக்கு. அவ்வளவுதான். ஆனால் நடுரோட்டில் நிற்கும்போது அந்த ஆறு சொல்லுக்கு நடுவில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். நட்டு அசையாது. நட்டெல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் வராது. ஜாக்கி சாயும். ஸ்டெப்னியை வெளியே எடுத்தால் அதில் காற்றே இருக்காது. அதனால் இதை அடையாளவாரியாக எழுதியிருக்கிறேன். எங்கே சிக்கிக்கொண்டீர்களோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம்.

ஜாக்கி பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். இந்த வேலையில் உயிருக்கு உலை வைப்பவை இரண்டே இரண்டு: பின்னால் வரும் அடுத்தவர் வண்டி, ஜாக்கியிலிருந்து நழுவும் நம் வண்டி. மற்றதெல்லாம் கை அழுக்கும் கொஞ்சம் எரிச்சலும்தான்.

ஓடும்போதே ஏதோ சரியில்லை

ஸ்டீயரிங் கனத்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்து முன் டயரைச் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் வண்டியின் பின்பாதி மட்டும் சேற்றில் போவதுபோல் ஆடுகிறதென்றால் பின் டயர். வேகத்தைக் கூட்டினால் கூடி, குறைத்தால் குறையும் "தட் தட்" சத்தம், காற்று இறங்கிய டயர் தரையை அடிக்கிற சத்தமாக இருக்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போகும்போது "டிக் டிக்" என்று ஒரு சுற்றுக்கு ஒரு முறை கேட்டால் டயரில் கல்லோ ஆணியோ இருக்கும். கல் என்றால் பிடுங்கிப் போட்டுவிடலாம். ஆணிக்குத் தனிக் கதை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. இந்த மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம்போல மின்னி மின்னி எரிந்து, பிறகு நிலையாக நின்றால், பெரும்பாலும் கோளாறு டயரில் இல்லை, சென்சாரில். அதற்காக வழியில் நின்று ஜாக்கியை எடுக்க வேண்டாம். ஆனால் இறங்கி நான்கு டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படாரென்று டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். வெடித்த டயர் ஏற்கெனவே ஒரு மூலையில் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஓங்கி மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாக இறங்கும். நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக ஓரம் கட்டலாம்.

நின்ற இடம் சரியில்லை

வளைவு, சரிவு, பாலம், குறுகலான ஓரம் என்று எதில் நின்றிருந்தாலும் அங்கே மாற்ற வேண்டாம். நடக்கிற வேகத்தில், விளக்குகளை மின்னவிட்டு, சமதளமான இடம் வரை உருட்டிக்கொண்டு போங்கள். டயர் நாசமாகும், ரிம்மும் அடிவாங்கலாம். "டயர் போய்விடுமே" என்று போக்குவரத்துக்கு நடுவில் உட்கார்ந்து நட்டு கழற்றுபவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். டயரைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம்.

நின்றதும் அபாய விளக்கு, ஹேண்ட் பிரேக், என்ஜின் நிறுத்தம், அடுத்து எச்சரிக்கை முக்கோணம். அதை வண்டியின் பம்பருக்குப் பக்கத்தில் வைத்தால் அலங்காரம்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, ஒதுங்க அவருக்கு நாலைந்து நொடியாவது வேண்டாமா? சாதாரணச் சாலையில் 50 மீட்டர், வேகச் சாலையில் 100 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள். வைக்கப் போகும்போது வருகிற வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடங்கள். சில நாடுகளில் அதிவேகச் சாலைகளில் முக்கோணம் வைக்கவே இறங்கிப் போகாதே என்பதுதான் விதி, ஏனென்றால் வைக்கப் போகிறவரே அடிபடுகிறார்.

வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கி, சாலையிலிருந்து விலகி, தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால் நிற்க வேண்டும். "குழந்தை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம்" என்று உள்ளேயே விடக் கூடாது. ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்குள் ஒருவர் புரண்டு படுத்தாலே வண்டி ஆடும்.

பஞ்சர் ஆன டயர் வண்டிகள் போகிற பக்கமாக இருந்து, உங்கள் முதுகுக்கும் ஓடுகிற வண்டிக்கும் நடுவில் இரண்டு மீட்டர்கூட இல்லையென்றால், மாற்றாதீர்கள். உதவி வண்டியைக் கூப்பிடுங்கள்.

டயரில் ஆணி தெரிகிறது, ஆனால் காற்று முழுசாக இறங்கவில்லை

பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். எடுத்த மறுகணம் "புஸ்". காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது, கையில் பம்பும் இருக்கிறது என்றால், காற்று அடித்துக்கொண்டு மெதுவாகப் பழுதுபார்க்கும் இடம் வரை ஓட்டிவிடலாம். ஜாக்கியே தேவைப்படாது.

ஆணியும் தெரியவில்லை, காற்று மட்டும் தினமும் இறங்குகிறது என்றால் வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழ் ஊதினால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது. குமிழ் வால்வின் அடியிலிருந்து வந்தால் ரப்பர் வெடித்திருக்கிறது. டயரும் ரிம்மும் சேரும் விளிம்பிலிருந்து வந்தால் ரிம் துருப்பிடித்தோ வளைந்தோ இருக்கும். இவை மூன்றும் கடைக்காரர் வேலை.

ஸ்டெப்னியில் காற்று இல்லை

நான் பார்த்தவரை வழியில் நிற்பவர்களைப் பஞ்சரைவிட அதிகமாக அழவைப்பது இதுதான். ஸ்டெப்னி டிக்கிக்குள் சும்மா கிடந்தாலும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழந்துகொண்டே இருக்கும். மற்ற நான்குக்கும் காற்று பிடிக்கிறவர்கள் ஐந்தாவதைத் தொடுவதில்லை. எடுத்ததும் தரையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். நன்றாகத் துள்ளினால் ஓரளவு காற்று இருக்கிறது. "தொப்" என்று உட்கார்ந்தால் இல்லை. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். தூக்கி, கழற்றி, மாட்டப் போகும்போது தெரிந்துகொள்வதில் பயனில்லை.

முழு அளவு ஸ்டெப்னி என்றால் பெரும்பாலான கார்களுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ. சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டில் இருக்கும். மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருக்கும் தற்காலிக ஸ்டெப்னிக்குக் கணக்கே வேறு. அதற்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ வேண்டும், டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அதில் 32 அடித்து வைத்துவிட்டு "காற்று இருக்கிறதே" என்று நம்புகிறவர்கள் நிறைய. வேகம் 80-ஐத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் "டாட்" (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு முறைகூட ஓடாத ஸ்டெப்னியானாலும் பத்து வருடம் ஆகிவிட்டால் ரப்பர் உலர்ந்திருக்கும். கடை வரை போக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அதோடு சரி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்று ஒன்று கிடையாது. 1904-இல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பிணைக்கிற, காற்றடித்த டயருள்ள ஒரு வளையத்தை உருவாக்கினார். அந்தத் தெருவின் பெயர்தான் இன்று நம் டிக்கிக்குள் கிடக்கிறது.

ஸ்டெப்னி டிக்கிக்குள் இல்லாமல் வண்டியின் அடிவயிற்றில் தொங்கினால், பின் பம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் துளை வழியாகக் கம்பியை விட்டுத் திருகினால் சங்கிலியோடு இறங்கும். இறங்கவில்லை என்று வண்டியைத் தூக்கி அடியில் புகுந்துவிடாதீர்கள். துருவுக்கு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் திருகிப் பாருங்கள்.

நட்டு அசையவே இல்லை

முதலில், சக்கரம் தரையில் இருக்கும்போதா முயற்சி செய்கிறீர்கள்? தூக்கிய பிறகு செய்தால் நட்டோடு சக்கரமும் சுற்றும், போதாக்குறைக்கு நீங்கள் போடும் பலமெல்லாம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளும். இறக்குங்கள். தரையில் வைத்து, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். முழுதாகக் கழற்றுவது தூக்கிய பிறகு.

அடுத்து, திசை சரிதானா? சக்கரத்தைப் பார்த்து நிற்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பதற்றத்தில் இறுக்குகிற பக்கமாகவே பத்து நிமிடம் போராடியவர்களைக் கண்டிருக்கிறேன், ஒரு முறை கண்ணாடியிலும் கண்டிருக்கிறேன். குழப்பமே வராமல் இருக்க, வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டும்போது கைப்பிடி இடது பக்கம் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள். அப்போது கீழே அழுத்தினால் தளரும். கையால் மேலே இழுப்பதைவிட உடல் எடையால் கீழே அழுத்துவது சுலபம், முதுகுக்கும் நல்லது.

கை பலம் போதவில்லையென்றால் காலை வையுங்கள். ஸ்பேனர் நட்டில் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, வண்டிக் கூரையைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் நுனியில் ஒரு காலால் நிதானமாக எடையை ஏற்றுங்கள். எகிறிக் குதிக்காதீர்கள், வழுக்கினால் கணுக்கால் போகும். "டக்" என்று ஒரு சத்தம் வரும். நட்டு உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், துரு விட்டுக்கொடுத்த சத்தம் அது.

இன்னும் முறுக்கு வேண்டுமென்றால் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகுங்கள். கால் மீட்டர் கைப்பிடியை முக்கால் மீட்டராக்கினால் அதே பலத்துக்கு மூன்று மடங்கு முறுக்கு. துருவை இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே இருந்தால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிரேக் டிஸ்க் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தில் ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி, ஸ்பேனரே அதில் உட்காரவில்லை என்றால் அது சக்கரத்தைத் திருடாமல் தடுக்கும் பூட்டு நட்டு. அதற்கென்று விரல் நீளத்தில் ஒரு தனி சாவி உண்டு. ஸ்டெப்னிக்கு அடியில், கருவிப் பையில், முன் இருக்கை எதிரே உள்ள சிறு அறையில் தேடுங்கள். இல்லையென்றால் போராட வேண்டாம், அது போராடினால் வராதபடிதான் செய்யப்பட்டிருக்கிறது.

நட்டின் முனைகள் மழுங்கி ஸ்பேனர் வழுக்குகிறதா? உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு வழுக்கலும் மெக்கானிக் வேலையை இரட்டிப்பாக்கும்.

ஜாக்கி சாய்கிறது, புதைகிறது, அல்லது வண்டி நகர்கிறது

காரோடு வரும் ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்கி நிற்க அல்ல. உள்ளங்கை அகலமுள்ள ஒரு தகட்டின் மேல் வண்டியின் ஒரு மூலை நிற்கிறது. அதனால் அது ஏறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்: இப்போது விழுந்தால் அடியில் என்ன இருக்கும்? கையா, காலா, தலையா? விடை எதுவாக இருந்தாலும் அதை வெளியே எடுங்கள்.

சாய ஆரம்பித்தால் கையால் பிடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். விலகி நின்று, திருகைச் சுற்றி முழுவதும் இறக்குங்கள். பிறகு ஏன் சாய்ந்தது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

தரை முதல் காரணம். மண்ணிலோ, வெயிலில் இளகிய தாரிலோ அடித்தகடு ஒரு பக்கம் புதைந்திருக்கும். தடித்த பலகையை அடியில் போடுங்கள். செங்கல் வேண்டாம், எடை ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். கல்லும் வேண்டாம், உருளும்.

இரண்டாவது, ஜாக்கி வைத்த இடம். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஜாக்கித் தலையின் பள்ளம் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் ஓரத்திலோ, வெறும் தகட்டிலோ வைத்தால் நசுங்கி நழுவும். மின்கார்களில் தரை முழுக்க பேட்டரி இருப்பதால் இடம் தவறினால் இன்னும் ஆபத்து. காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால், தூக்குவதற்கு முன் அதை ஜாக் நிலைக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் வண்டியே தன் உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. வண்டி முன்னோ பின்னோ உருண்டு ஜாக்கியைச் சாய்க்கிறது. "கியரில்தானே போட்டிருக்கிறேன்" என்பார்கள். முன் சக்கரத்தால் இழுக்கப்படும் காரில் ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் எதையும் பிடிக்காது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், தரையில் உள்ள சக்கரம் உருள உருள, தூக்கிய சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு ஈடுகட்டிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியின் "பார்க்" நிலைக்கும் இதே கதைதான். அங்கே ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் காப்பாற்றும், அது பெரும்பாலும் பின் சக்கரங்களைப் பிடிக்கும். எனவே கியர், ஹேண்ட் பிரேக் இரண்டும் போட்டு, தூக்கப் போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் இடது பஞ்சர் என்றால் கட்டை பின் வலதுக்கு.

ஸ்டெப்னியை எடுத்ததும் நான் அதை வண்டியின் ஓரத்தில் சாய்த்து வைப்பதில்லை. கதவுக்குக் கீழே, ஜாக்கிக்குப் பக்கத்தில், பாதி உள்ளே போகும்படி படுக்கப் போடுவேன். ஒரு தூறல் இரவில் முன் சக்கரத்தைக் கழற்றி எடுத்த நேரம், பலகை போடச் சோம்பல்பட்டு நேராக மண்ணில் வைத்திருந்த ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்தது. நான் எழுவதற்குள் வண்டி இறங்கிவிட்டது. அடியில் கிடந்த சக்கரத்தின் மேல் "தடக்" என்று உட்கார்ந்தது, ரிம்மில் ஒரு நீளக் கீறல். பிரேக் டிஸ்க் தரையைத் தொடவில்லை, ஜாக்கியைத் திரும்ப நுழைக்க இடமும் இருந்தது. அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் வண்டி டிஸ்க்கில் நின்றிருக்கும், ஜாக்கி நுழையாது, வேறு வண்டி வரும் வரை நனைந்துகொண்டு நின்றிருப்பேன். பஞ்சரான சக்கரம் வெளியே வந்ததும் அதை அடியில் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியை உருவிக்கொள்ளுங்கள். இறக்கும் முன் அதையும் எடுக்க மறக்காதீர்கள்.

எவ்வளவு தூக்குவது? காற்றில்லாத டயரைக் கழற்ற, தரைக்கும் டயருக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். காற்றுள்ள டயர் அதைவிடப் பெரியது என்பதால் மாட்ட இன்னும் நாலைந்து சென்டிமீட்டர் வேண்டும். அதற்கு மேல் ஒரு திருகுகூடத் தேவையில்லை. உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

நட்டெல்லாம் கழற்றியாயிற்று, சக்கரம் வரவில்லை

சக்கரத்தின் நடுத்துளை, அது மாட்டியிருக்கும் ஹப் என்ற நடுப்பாகத்தோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலாய் ரிம்மில் இது சர்வசாதாரணம். பார்த்தவுடன் எல்லோரும் செய்வது ஓங்கி உதைப்பது. ஜாக்கி மேல் நிற்கும் வண்டியை உதைப்பது எப்படிப்பட்ட யோசனை என்று நீங்களே சொல்லுங்கள்.

உதைக்காமல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. நட்டுகளை மறுபடி போட்டு, விரலால் முழுவதும் திருகிவிட்டு ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். வண்டியைத் தரையில் இறக்குங்கள். ஜாக்கியை எடுத்துவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து நாலு முறை ஆட்டுங்கள். விடவில்லையென்றால், கட்டையை எடுத்துவிட்டு, ஓரடி முன்னால், ஓரடி பின்னால் நகர்த்திச் சட்டென்று நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியின் எடையே துருவை உடைத்துவிடும். "டிங்" என்று கேட்டதும் கட்டை போட்டுத் திரும்பத் தூக்கினால், சக்கரம் கையோடு வரும். நட்டுகள் திருகியே இருப்பதால் சக்கரம் கழன்று ஓடவும் வழியில்லை.

ஸ்டெப்னி ஏற மாட்டேன் என்கிறது

சக்கரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு துளையைத் தேடினால் முதுகு பிடித்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து, பாதத்தை டயருக்கு அடியில் முன்பக்கமாக வைத்து, பாதத்தால் மேலே நெம்பி, கையால் மட்டும் திருப்பிப் பொருத்துங்கள். கால் டயருக்கு அடியில்தான் இருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் அல்ல. ஹப்பில் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் மேல் ஸ்டட்டில் தொங்கவிட்டால் மற்றவை தானாகச் சேரும். ஸ்டட் இல்லாமல் போல்ட் போடும் வண்டியில், மேல் துளைக்கு முதல் போல்ட்டைப் போட்டுக் கையால் பிடிக்கவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாட்டும் முன் ஹப்பின் முகத்தில் இருக்கும் மண்ணையும் துருச் செதிலையும் துடைத்துவிடுங்கள். ஒரு சிறு கல் இடுக்கில் நின்றாலும் சக்கரம் நேராக உட்காராது, ஓடும்போது நட்டு தளரும்.

நட்டு இரண்டு சுற்று போய் இறுகிக்கொண்டால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். மரை தப்பி ஏறியிருக்கிறது. கழற்றி, பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றினால் "க்ளிக்" என்று மரை விழும் இடம் தெரியும், அங்கிருந்து முன்னால் சுற்றுங்கள். எல்லா நட்டும் விரலாலேயே கடைசி வரை போக வேண்டும். கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் நடுவில் உட்காராது. மரையில் எண்ணெய் விடவும் வேண்டாம்.

அலாய் ரிம் வண்டிக்கு இரும்பு ஸ்டெப்னி வந்திருந்தால், அதற்கென்று தனி போல்ட் கொடுத்திருக்கிறார்களா என்று கருவிப் பையைப் பாருங்கள். சில வண்டிகளில் அலாய்க்கான நீளப் போல்ட் இரும்பு ரிம்மில் பின்னால் போய் இடிக்கும்.

எவ்வளவு இறுக்குவது?

ஜாக்கியில் இருக்கும்போது லேசாக இறுக்கி, டயர் தரையைத் தொட்டுச் சுற்றாமல் நிற்கும் அளவுக்கு இறக்கி, அப்புறம் முழுதாக. வட்டமாக வரிசையில் இறுக்கக் கூடாது, ஒன்றை விட்டு எதிரே என்று நட்சத்திரம் வரைவதுபோல இறுக்க வேண்டும். இரண்டு சுற்றாகச் செய்தால் சக்கரம் சமமாக உட்காரும்.

பெரும்பாலான கார்களுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 40 கிலோ எடையளவுக்கு அழுத்தினால் ஏறக்குறைய 100 வந்துவிடும். நல்ல அழுத்தம், ஆனால் மூச்சுப் பிடிக்கும் அழுத்தம் அல்ல. 80 கிலோ ஆள் கைப்பிடி மேல் ஏறி நின்றால் 200 ஆகிவிடும், ஸ்டட் நீண்டு பலமிழக்கும். தளர்த்தும்போது காலைப் பயன்படுத்தலாம், இறுக்கும்போது கை மட்டும்.

மாற்றிய பிறகு ஓட்டினால் அதிர்கிறது, சத்தம் வருகிறது

"கடக் கடக்" என்று சத்தம் வந்து, ஸ்டீயரிங் நடுங்கினால், அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டுங்கள். நட்டு தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லாவிட்டாலும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி, நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக உட்கார்ந்த சக்கரம் கொஞ்சம் படிந்துகொடுக்கும்.

நட்டெல்லாம் இறுக்கமாகவே இருந்து, வண்டி மெல்ல ஒரு பக்கம் இழுத்தால் அது ஒல்லி ஸ்டெப்னியின் குணம். பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும், ஈரச் சாலையில் இன்னும் மோசம். முன் சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டியில் ஒல்லி டயரை முன்னால் மாட்டாமல், பின் சக்கரம் ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்து ஒல்லியைப் பின்னால் போடச் சொல்லும் கையேடுகள் உண்டு. இரட்டை வேலைதான். மழையில்லை, கடை பக்கத்தில்தான் என்றால் நான் அதற்கு மெனக்கெட மாட்டேன். மழையில் நீண்ட தூரம் போக வேண்டுமானால் மெனக்கெடுவேன்.

காற்றழுத்த விளக்கு அணையவில்லை என்பது கோளாறு அல்ல. பல ஸ்டெப்னிகளில் சென்சார் இருக்காது.

டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியே இல்லை

அந்த இடத்தில் ஒரு சின்ன கம்ப்ரசரும் வெள்ளைத் திரவம் நிறைந்த புட்டியும் இருக்கும். தரையில் படும் பகுதியில், சுமார் 4 மில்லிமீட்டர் வரை உள்ள ஓட்டைக்கு அது உதவும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால், டயர் ரிம்மிலிருந்து விலகியிருந்தால், புட்டி முழுவதையும் ஊற்றினாலும் வீண். ஊற்றிக் காற்றடித்ததும் உடனே கிளம்ப வேண்டும், டயர் சுற்றினால்தான் திரவம் உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். சில கிலோமீட்டர் போய் நிறுத்திக் காற்றைத் திரும்பப் பாருங்கள். வெகுவாகக் குறைந்திருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். புட்டிக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

புட்டியும் இல்லையென்றால் உங்களுடையது ரன்ஃபிளாட் டயராக இருக்கலாம். காற்றில்லாமலேயே பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80-க்கு மேல் போகாமல் ஓட்டலாம்.

பழைய டயரைக் கடையில் இறக்கும்போது

தரையில் படும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டை என்றால் ஒட்டலாம். தோள்பட்டையிலோ (தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் வளைவு) பக்கச்சுவரிலோ இருந்தால் ஒட்டக் கூடாது, யார் "ஒட்டித் தருகிறேன்" என்றாலும் சரி. டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே சொருகும் திரியைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள். முறையான வேலை என்பது டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே பார்த்து, ஓட்டையை நிரப்பி உள்பக்கமும் ஒட்டுப் போடுவது.

கழற்றும்போது கூடவே நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். டயருக்குள் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புத் தூள் கிடந்தால், காற்றில்லாமல் ஓட்டியதில் பக்கச்சுவர் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. திரவம் ஊற்றியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கழற்றுபவர் முகத்தில் தெறிக்கும். கிளம்பும் முன் ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடித்து, பூட்டு நட்டின் சாவி கடைக்காரர் பையில் போய்விடாமல் உங்கள் கருவிப் பைக்கே திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.